குராட்ஸிஸ்டோ என்னும் சொல்லும் உத்தனப்பள்ளிக் காய்ச்சலும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்? டாக்டரிடம் போவார். இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஆய்வுக்கு உதவாது. அவர் போகிற இடத்தில் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருக்கும் நபரை எஸ்பெராண்டோ மொழியில் எப்படிக் குறிப்பிடுவது என்பது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. ஆய்வுலகம் இதை 'ஆய்வு இடைவெளி' என்கிறது. இடைவெளி கண்ட இடத்தில் பாலம் கட்டுவது பொதுப்பணித் துறையின் வேலை, கட்டுரை கட்டுவது அறிஞரின் வேலை.

விடை 'குராட்ஸிஸ்டோ'. கட்டுரை இந்த வரியோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வரியில் முடிகிற சங்கதியை ஆய்வுச் சிக்கல், ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, கருதுகோள், இயல் பகுப்பு என்று விரித்து, நெறியாளருக்கு நன்றி சொல்லி, தடித்த அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து பதித்து நூலகத்தில் சேர்ப்பதே மரபு. அந்த மரபை மீற இவ்வாய்வாளருக்குத் துணிச்சல் இல்லை.

முதலில் இலக்கணம். 'குராட்ஸ்' என்பது சிகிச்சை செய்தல். 'இஸ்ட்' என்பது அதைத் தொழிலாகக் கொண்டவர். கடைசியில் 'ஓ' வந்தால் பெயர்ச்சொல். நன்னூல் சொல்லும் ஆறு பகுபத உறுப்புகளில் பகுதி, இடைநிலை, விகுதி மூன்றும் அகப்பட்டுவிட்டன. சந்தி இல்லை, சாரியை இல்லை, விகாரம் இல்லவே இல்லை. பத்தாம் வகுப்பில் 'ந் ஆனது விகாரம்' என்று எழுத மறந்து மதிப்பெண் இழந்தவர்கள் இந்த மொழியின் திசை நோக்கிக் கும்பிடலாம். நன்னூலுக்கு 462 சூத்திரம். எஸ்பெராண்டோ 1887-இல் பிறந்தபோது அதற்கு 16 விதிகள். விதிவிலக்கு கிடையாது. விதிவிலக்கு இல்லாத இலக்கணத்தை வைத்துக்கொண்டு இலக்கண ஆசிரியர்கள் எப்படிப் பிழைப்பு நடத்துகிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இங்கே நுட்பம் ஒன்று. 'குராட்ஸ்' என்றால் சிகிச்சை பார்ப்பதுதான், குணப்படுத்துவது அல்ல. குணமாக்குவதற்கு 'சனிகி' என்று வேறொரு வினை இருக்கிறது. ஆகக் குராட்ஸிஸ்டோ வைத்தியம் பார்ப்பார். பிழைப்பது நோயாளியின் பொறுப்பு. மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாட்டில் இவ்வளவு முன்ஜாக்கிரதையான சொல் இதுவரை புழக்கத்துக்கு வராதது வியப்பு. ஒருவேளை 'சனிகி' என்ற சொல்லே தடையாக இருக்கலாம். "உங்களைச் சனிகி பண்ணுகிறேன்" என்று ஒரு டாக்டர் சொன்னால், உத்தனப்பள்ளியில் அவரிடம் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்ட ஆள் கிடைக்காது.

செர்பிய, குரோஷிய மொழிகளில் 'குராட்ஸ்' என்பதற்குப் பொருள் வேறு. குடும்பப் பத்திரிகையில் அதை விளக்க இயலாது.

இனி வரலாறு. சொல்லை உருவாக்கிய லுட்விக் லாசர் சாமன்ஹோஃப் 1859-இல் பியாலிஸ்டோக் நகரத்தில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. யித்திஷ், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் என்று ஒரே சந்தையில் பல மொழிகள் முட்டிக்கொண்ட ஊர். உத்தனப்பள்ளியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் உண்டு. பக்கத்து நாகமங்கலத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தபின் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பெண்களின் மொழிகளும் சேர்ந்துகொண்டன. வேறுபாடு ஒன்றுதான்: பியாலிஸ்டோக்கில் ஒரு பையன் இதைப் பார்த்து மனம் கலங்கிப் புது மொழி செய்தான், உத்தனப்பள்ளியில் பையன்கள் நாலு மொழியையும் பேசிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள்.

சாமன்ஹோஃப் கண் டாக்டர். வார்சாவின் ஏழை யூதர்கள் குடியிருந்த ஜிகா தெருவில் வைத்தியம் பார்த்தவர். அப்படியானால் தன் முதல் நூலில் என்ன பெயரில் கையெழுத்திட்டிருக்க வேண்டும்? குராட்ஸிஸ்டோ என்று. ஆனால் அவர் போட்டுக்கொண்ட புனைபெயர் 'டொக்டோரோ எஸ்பெராண்டோ', அதாவது நம்பிக்கை கொண்டிருக்கும் டாக்டர். (பொதுவாக நம்பிக்கை கொள்வது நோயாளி.) புனைபெயரின் பின்பாதி மொழிக்கே பெயராகிவிட்டது. முன்பாதி என்ன ஆயிற்று என்று கேட்க எஸ்பெராண்டோ அறிஞர்களுக்கு நேரம் இருக்கவில்லை. அவர்கள் 1905-லிருந்து மாநாடு கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆசிய எஸ்பெராண்டோ மாநாடு ஒன்று 2008-இல் பெங்களூரிலேயே நடந்தது. உத்தனப்பள்ளிக்காரர்கள் காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பும் தூரம். அந்த மாநாட்டின் தாக்கம் அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைக் கடந்து இந்தப் பக்கம் வந்ததற்குச் சான்று இல்லை (காண்க: பஸ் நிறுத்த டீக்கடை, கிழக்கு பெஞ்சு, காலை அமர்வு).

எஸ்பெராண்டோவில் டொக்டோரோ வேறு, குராட்ஸிஸ்டோ வேறு. முன்னது பட்டம், பின்னது வேலை. லத்தீனில் 'டாக்டர்' என்றால் கற்பிப்பவர்; வாத்தியார் பட்டத்தை வைத்தியர் எடுத்துக்கொண்டார் என்பதே ஐரோப்பிய வரலாற்றின் சாரம். பிரிட்டனில் அறுவை சிகிச்சை நிபுணர்களை இன்றும் 'டாக்டர்' என்று கூப்பிடக் கூடாது, 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். எம்.பி.பி.எஸ். என்பது பெயரளவில் இளநிலைப் பட்டம்தான். இந்தக் குழப்பம் நம் நாட்டில் எவ்வளவு முற்றியது என்றால், இயன்முறை சிகிச்சையாளர்கள் பெயருக்கு முன் 'டாக்டர்' போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்ககம் கடிதம் எழுதியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. எஸ்பெராண்டோ தெரிந்திருந்தால் ஒரு தபால் செலவு மிச்சம்.

தமிழிலும் இந்தப் பிரிவினை உண்டு: ஆய்வுப் பட்டம் வாங்கியவர் முனைவர், ஊசி போடுபவர் மருத்துவர். ஏட்டில் இது எஸ்பெராண்டோவுக்கு ஈடான தெளிவு. நடப்பில், முனைவர் பட்டம் பெற்றவர் கல்யாணப் பத்திரிகையில் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்கிறார். மண்டபத்தில் யாருக்காவது மயக்கம் வந்து மைக்கில் "டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்று அறிவித்தால் மட்டும் சாம்பார் வாளிக்குப் பின்னால் போய்விடுகிறார். தமிழகத்துக் குராட்ஸிஸ்டோக்களில் பெரும்பாலோருக்குப் பட்டம் வழங்கும் கிண்டிப் பல்கலைக்கழகம் 1987-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உருவானது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று அதற்குப் பெயர். அந்த டாக்டர், டொக்டோரோ வகை. படத்தில் எந்த வகையாகவும் வந்திருப்பார், அது ஆய்வு எல்லைக்கு வெளியே.

வள்ளுவர் இதில் எந்தப் பக்கம்? 95-ஆம் அதிகாரமான 'மருந்து' அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களைப் பார்க்க வேண்டும். 949-இல் மருத்துவரைக் 'கற்றான்' என்கிறார். இது சந்தேகமில்லாமல் டொக்டோரோ. அடுத்த குறளிலேயே 'தீர்ப்பான்' என்கிறார். இது குராட்ஸிஸ்டோவுக்கும் ஒரு படி மேல், ஏனென்றால் தீர்த்துவைப்பதாக வாக்குறுதியே கொடுத்துவிடுகிறார். வார்சாவில் 1887-இல் பிரித்ததை வள்ளுவர் அடுத்தடுத்த இரண்டு குறளில் பிரித்துவிட்டார். உண்மையிலேயே சுவையான செய்தி இது, இதோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

ஆனால் நிறுத்திக்கொள்வது அறிஞர் மரபல்ல. 'குராட்ஸ்' என்பது 'குறை ஆற்று' என்பதன் திரிபே என்று நிறுவ அரைமணி நேரம் போதும். குறையாற்று, குறாற்று, குராற்ஸு, குராட்ஸ். ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து விழும், ஓர் எழுத்து முளைக்கும், கேட்டால் 'ஒலிநூல் உண்மை' என்று சொல்லிவிடலாம். சாமன்ஹோஃப் என்பது சாமி நாட்டான் என்பதும், அவர் முன்னோர் கிருஷ்ணகிரிக் கோட்டை வழியாக வடக்கே போனவர்கள் என்பதும் இரண்டாம் தொகுதியில் வரும். சிரிப்பவர்கள் தங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் சொற்பிறப்பு நூல்களை ஒருமுறை புரட்டிவிட்டுச் சிரிக்கலாம்.

களஆய்வு வாக்கியம் ஒன்றே: டாக்டர் வந்துவிட்டாரா என்பது. தமிழில் "டாக்டர் வந்துட்டாரா?" தெலுங்கில் "டாக்டரு ஒச்சினாரா?" கன்னடத்தில் "டாக்ட்ரு பந்த்ரா?" உருதுவில் "டாக்டர் சாப் ஆயே க்யா?" யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டால் 'டொக்டர்' என்பார், எஸ்பெராண்டோவுக்கு மிக அருகில் போன தமிழர்கள் அவர்களே. மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழ்வழியில் மருத்துவம் கற்பித்தார் என்பதையும், 'டொக்டர்' அதற்கும் அசையவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்யலாம். எஸ்பெராண்டோவில் அதே கேள்வி: "ச்சூ லா குராட்ஸிஸ்டோ வேனிஸ்?" ஆம், இல்லை என்று பதில் வேண்டுகிற எந்த வினாவையும் அந்த மொழியில் 'ச்சூ' என்றுதான் தொடங்க வேண்டும். உத்தனப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் 'ச்சூ' என்று தொடங்கினால் மனிதர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நாய்கள் திரும்பிப் பார்க்கின்றன.

வகைப்பாடு இல்லாமல் ஆய்வு இல்லை.

பல் டாக்டர்: டென்டிஸ்டோ. சிக்கல் இல்லை.

கண் டாக்டர்: ஒகுலிஸ்டோ. மொழியைச் செய்தவரே இவர்தான்.

மாட்டு டாக்டர்: 'பெஸ்ட்' என்றால் எஸ்பெராண்டோவில் விலங்கு, எனவே பெஸ்ட்குராட்ஸிஸ்டோ. கறவை மாடு வைத்திருப்பவர்கள் ஆங்கிலப் பொருளிலேயே இதை ஒப்புக்கொள்வார்கள். சானமாவு காட்டிலிருந்து ராகி வயலுக்கு இறங்கும் யானைகளிடமும் கருத்துக் கேட்கப்பட இருந்தது. ஆய்வாளர் கடைசி நேரத்தில் ஆய்வு எல்லையைச் சுருக்கிக்கொண்டார்.

கவி டாக்டர்: புறநானூற்றில் மருத்துவன் தாமோதரனார்; எஸ்பெராண்டோவில் ஹங்கேரிக்காரர் கல்மான் கலோசாய். பின்னவர் தொற்றுநோய் மருத்துவர், அம்மொழியின் பெருங்கவிஞர். நோயாளிகள் எதற்காக வரிசையில் நின்றார்கள் என்பது ஆராயப்பட வேண்டும்.

லேடி டாக்டர்: 'இன்' சேர்த்தால் குராட்ஸிஸ்டினோ. சேர்க்க வேண்டுமா, குராட்ஸிஸ்டோ என்பதே இருபாலுக்கும் பொதுவா என்று எஸ்பெராண்டோக்காரர்கள் பல்லாண்டாகச் சண்டை போடுகிறார்கள். தமிழில் சண்டைக்கே இடமில்லை. மருத்துவருக்குப் பெண்பால் என்று 'மருத்துவச்சி'யைப் பிடித்தால், அவர் பிரசவம் பார்க்கும் பாட்டியாகப் பல காலம் முன்பே தனி வேலையில் அமர்ந்துவிட்டார். முத்துலட்சுமி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து பட்டத்தோடு வெளியே வந்தபோது அவருக்குக் கொடுக்கத் தமிழிடம் காலியான சொல் எதுவும் கைவசம் இல்லை. நூறு வருஷம் தாண்டியும் 'லேடி டாக்டர்'தான்.

போலி டாக்டர்: இந்த வகைக்கு ஒரு வரி போதாது.

போலி என்பது பத்திரிகைச் செய்திகளில் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இலக்கணத்தில் வந்த சொல். ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து உட்கார்ந்தும் பொருள் மாறாதிருந்தால் அது போலி. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி, முற்றுப்போலி என்று வகைப்படும். போலி டாக்டர்களுக்கு இந்த நான்கும் பொருந்துவதைக் கண்டறிந்ததே இவ்வாய்வின் அசல் பங்களிப்பு.

முதற்போலி, பெயருக்கு முன்னால் ஒட்டுவது. சால்வையும் சான்றிதழும் தருகிற இடங்களிலிருந்து பணம் கட்டி வாங்கிய 'டாக்டர்' இவ்வகை. உயிருக்கு ஆபத்தில்லை, ஃபிளெக்ஸ் பேனரில் இடம் அடைப்பதைத் தவிர வேறு தீங்கு செய்வதில்லை. ஒரே நாளில் நூறு கட்டுரை வாசித்து முடிக்கிற, வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்திருப்பதால் 'பன்னாட்டு' ஆகிவிடுகிற கருத்தரங்குகளில் முதற்போலியும் அசலும் ஒரே பந்தியில் சாப்பிடுவதைக் காணலாம். எது எது என்று பரிமாறுபவருக்குத் தெரிவதில்லை. சில சமயம் கட்டுரையைக் கேட்டவருக்கும்.

கடைப்போலி, பெயருக்குப் பின்னால் வருவது. போர்டு நான்கடி, எழுத்துகள் ஆறடி. அடைப்புக்குறிக்குள் ஊர்ப்பெயர்கள் வேறு. எழுத்துகளை விரித்துக் கேட்டால் போர்டுக்குச் சொந்தக்காரர் அவசரமாக ஒரு கேஸ் பார்க்க உள்ளே போய்விடுவார் (காண்க: மேற்படி போர்டு, மழையில் கரைந்த இரண்டாம் வரி, சுண்ணாம்புப் பூச்சின் கீழிருக்கும் மூன்றாம் வரி கிடைக்கவில்லை).

இடைப்போலி, டாக்டருக்கு இடையில் நின்றவர். கம்பவுண்டராகப் பல வருஷம் சீசா கழுவி, ஊசி கொதிக்கவைத்து, ஒருநாள் டாக்டர் ஊரைவிட்டுப் போனதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர். எஸ்பெராண்டோ இவருக்கு 'துவோன்' என்ற முன்னொட்டு வைத்திருக்கிறது: துவோன்குராட்ஸிஸ்டோ, அரை வைத்தியர். உடனே 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்ற பழமொழி நினைவுக்கு வரும். அது தவறு, 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' என்பதே மூலபாடம் என்று திருத்த ஓர் அறிஞர் எப்போதும் தயாராக இருப்பார். எந்த ஏட்டில் அந்த மூலபாடம் இருக்கிறது என்று அவரைக் கேட்கக் கூடாது. பழமொழிகளையெல்லாம் இப்படி நல்லவையாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நம் முன்னோர்கள் யாரையும் கிண்டலே செய்யாத ஒரு சாதுக்கூட்டமாகிவிடுவார்கள். வேரைக் கொண்டவன் ஏன் அரை வைத்தியனாக நிற்கிறான், முழுதாவதற்கு இன்னும் ஆயிரம் வேர் வேண்டுமா என்பதும் விளக்கப்படவில்லை. பேரைக் கொன்றவன் என்பதில்தான் நோயாளியின் குரல் இருக்கிறது.

முற்றுப்போலி, ஐந்து 'அஞ்சு' ஆவது போல முழுதும் மாறியது. படிப்பு, போர்டு, ஸ்டெதஸ்கோப் எதிலும் உண்மை கிடையாது. வாங்குகிற நூறு ரூபாய் மட்டும் அசல். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019 இவருக்கு ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. எஸ்பெராண்டோ சட்டம் வரை போவதில்லை, 'ஆச்' என்று இழிவுப் பொருள் தரும் ஓர் ஒட்டைச் செருகி 'குராட்ஸிஸ்டாச்சோ' என்கிறது. தும்மல் போலக் கேட்கிறது, காறித் துப்பவும் வசதி. மருத்துவச்சியில் வரும் 'அச்சி'யும் இந்த 'ஆச்'சும் உறவு என்று எழுத ஒருவர் இந்நேரம் பேனாவைத் திறந்திருப்பார். அவர் பேனாவை மூடிவைக்கலாம். 'ஆச்' இத்தாலியிலிருந்து வந்தது.

கடைசியாக மூலச் சான்று: மருந்துச் சீட்டு. மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கும்படியாகவும், கூடுமானவரை பெரிய எழுத்திலும் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதி திருத்தியது. அப்படி எழுதப்பட்ட சீட்டுகளும் உண்டு. ஆய்வுக்கு அவை எளிதாக இருந்ததால் ஒதுக்கப்பட்டன. எடுத்துக்கொள்ளப்பட்ட சுவடியில் ஒரு நெளிவு, ஒரு சுழி, ஒரு கீறல். நெளிவு காய்ச்சல் மாத்திரை என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சுழி வயிற்றுக்கா தொண்டைக்கா என்பதில் மெடிக்கல் ஷாப் முதலாளி ஒரு கட்சி, கடைப்பையன் ஒரு கட்சி. பையன் உரையே சிறந்தது, ஏனெனில் அவன் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டான். கீறல் மருந்தே அல்ல, பேனா எழுதுகிறதா என்று பார்த்தது (காண்க: உத்தனப்பள்ளிச் சீட்டு, நான்காய் மடிந்த பிரதி, மேல் மடிப்பு, டீக்கறைக்கு வடக்கே இரண்டாம் வரி, மறுபக்கத்துத் தக்காளிப் பாக்கிக் கணக்கு பிற்காலக் கை, சட்டைப் பையிலேயே துவைக்கப்பட்ட பிரதியில் இவ்வரி முழுதும் சிதைவு, 'காலை 1, இரவு 1' என்பதற்கு 'காலை 1, இரவு வேலை' என நைட் ஷிஃப்ட் போகிற ஒருவர் கொண்ட பாடம் ஏற்கத்தக்கதன்று, ஆனால் அவர் பிழைத்துக்கொண்டார்).

முடிபு இது. சொல்லாகப் பார்த்தால் குராட்ஸிஸ்டோவே சரி. செய்கிற வேலையைச் சொல்கிறது, செய்யாததை உறுதி கூறுவதில்லை, பேனரில் யார் பெயருக்கு முன்னாலும் ஒட்டாது. 'டாக்டர்' எல்லா வகையிலும் தவறு: பொருள் வாத்தியார், பட்டம் குழப்பம், போலிக்கு வசதி. ஆனால் உத்தனப்பள்ளி நிறுத்தத்தில் எத்தனை மொழி இறங்கினாலும் அந்தத் தவறான சொல்லில்தான் எல்லோரும் தகராறில்லாமல் ஒத்துப்போகிறார்கள், அதற்கு மாநாடு எதுவும் கூட்டப்படவில்லை. எனவே குராட்ஸிஸ்டோவை நூலக அலமாரிக்கும், டாக்டரை ஊருக்கும் விட்டுவிட இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

படித்துக்கொண்டிருப்பவருக்கு உடம்பு நிஜமாகவே சுட்டால் கட்டுரையைக் கீழே வைத்துவிடலாம். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. இரண்டுக்கும் காசு இல்லை. போனை எடுப்பவரிடம் தமிழில் சொன்னால் போதும்.